காற்று இறங்கும்போது எதை ஏற்றுவது?

ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக நாகர்கோவிலுக்குப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இரண்டு. இவ்வளவு காத்தாடி இருந்தும் ஏன் கரண்ட் போகிறது? காற்று இப்படி அடித்தும் பாதிக் காத்தாடி ஏன் நிற்கிறது? திருநெல்வேலிப் பக்கத்துத் துணை மின்நிலையங்களில் ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் இலையில் சாம்பார் விழுவதற்குள் இந்தக் கேள்விகள் வந்துவிடும். இப்போது கேள்வியோடு தீர்ப்பும் சேர்ந்து வருகிறது. போன மாதம் என் அக்காள் மகன் சொன்னான்: "காத்த நம்பி ஊருக்கு கரண்டு குடுக்க முடியுமா மாமா? பின்னால ஒரு அனல் மின்நிலையம் நின்னாத்தானே இது ஓடும். அப்போ இது ரெட்டைச் செலவுதானே?"

பின்னால் ஒன்று நிற்க வேண்டும் என்பது சரி. ரெட்டைச் செலவு என்பதுதான் சரியில்லை. ஆனால் அவனைக் குறை சொல்லவும் முடியாது. காற்றாலையைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் யாரும் பின்னால் நிற்கும் அந்தத் துணை மின்சாரத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. "இத்தனை ஆயிரம் மெகாவாட் நிறுவியிருக்கிறோம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மிச்சத்தை அக்காள் மகன்கள் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் 1986இல் 55 கிலோவாட் காத்தாடிகளை நட்டு ஆரம்பித்த வேலை இது. இன்று தமிழ்நாட்டின் காற்றாலை நிறுவுதிறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் நிறுவுதிறன் என்பது நல்ல காற்றில் ஒரு காத்தாடி அதிகபட்சம் கொடுக்கக்கூடியதுதான். காற்றின் வேகம் பாதியாகக் குறைந்தால் கிடைக்கும் மின்சாரம் பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிவிடும். விநாடிக்கு மூன்று, நான்கு மீட்டர் வேகத்துக்குக் கீழே இறங்கினால் காத்தாடி மின்சாரமே தராது. 25 மீட்டருக்கு மேலே போனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். ஆண்டு முழுவதற்கும் சராசரி பார்த்தால், நம் பழைய காத்தாடிகளில் நிறுவுதிறனில் ஐந்தில் ஒரு பங்கு தேறினாலே பெரிது. அதுவும் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரையிலான சீசனில்தான் பெரும்பகுதி வரும். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று நான்கு கணவாய்களின் வழியே நெருக்கிக்கொண்டு நுழையும் மாதங்கள் அவை.

சீசனில் ஒரு துணை மின்நிலையத்தின் உள்ளே எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காத்தாடியிலிருந்து வரும் மின்சாரம் 33 கிலோவோல்ட் ஃபீடர்களில் எங்களிடம் வரும். நாங்கள் அதை 110க்கோ 230க்கோ ஏற்றி அனுப்புவோம். மணிக்கு ஒரு முறை லாக் புக்கில் ஒவ்வொரு ஃபீடரின் அளவையும் எழுத வேண்டும். மார்ச் மாதத்தில் அந்தப் பத்தியில் சைபர் சைபராக எழுதியே கை சலித்துப்போகும். சில நேரம் மைனஸ்கூட எழுத வேண்டி வரும். சும்மா நிற்கிற காத்தாடியின் கன்ட்ரோல் பேனலுக்கும் மோட்டார்களுக்கும் கிரிட்டிலிருந்து கரண்ட் போகிறதே, அந்தக் கணக்கு. ஆனி பிறந்தால் அதே பத்தி தலைகீழாக மாறும். காலையில் சுணங்கிக் கிடக்கும். மத்தியானத்துக்கு மேல் முள் ஏற ஆரம்பிக்கும். சாயங்காலம் டிரான்ஸ்பார்மர் தன் முழு அளவைத் தொட்டு உறுமிக்கொண்டிருக்கும். எண்ணெய் வெப்பநிலையைப் பார்க்க யார்டுக்குப் போனால் வேட்டி கட்டியவன் நிற்க முடியாது, அப்படிக் காற்று.

அந்த நேரத்தில்தான், மாநிலத்தின் மின் உற்பத்தியையும் தேவையையும் சமன்படுத்தும் சென்னை லோடு டெஸ்பாட்ச் சொல்லி எங்களுக்கு போன் வரும்: இன்ன ஃபீடரைக் குறை, இவ்வளவு நேரத்துக்கு. பிரேக்கரைத் திறந்தால் ஒரு மலையடிவாரம் முழுக்கக் காத்தாடிகள் ஒவ்வொன்றாக நிற்கும். அடுத்த நிமிடம் காத்தாடிக் காவலாளிகள் போனில் வரிசை கட்டுவார்கள். "என்ன அண்ணாச்சி, காத்து இப்படிப் போடுபோடுன்னு போடுது, நீங்க நிப்பாட்டச் சொல்லுதியளே?" நியாயமான கேள்விதான். வருடத்தில் நான்கு மாதம் சம்பாதிக்கிற யந்திரத்தை அந்த நான்கு மாதத்திலேயே நிறுத்தினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

நிறுத்துவதற்கான காரணத்தில்தான் விஷயம் இருக்கிறது. கம்பியில் ஓடும் மின்சாரத்தை அந்தந்த நொடியே யாராவது பயன்படுத்த வேண்டும். உற்பத்தியும் தேவையும் சமமாக இருந்தால்தான் அலைவெண் 50 ஹெர்ட்ஸில் நிற்கும். 49.90க்கும் 50.05க்கும் நடுவே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. காற்று திடீரென்று ஏறினால் வேறு ஏதாவது இறங்க வேண்டும். நம்மிடம் இறக்குவதற்கு என்ன இருக்கிறது? தூத்துக்குடியிலும் மேட்டூரிலும் இருக்கிற 210 மெகாவாட் அனல் யூனிட்டுகள். தூத்துக்குடியின் முதல் யூனிட் 1979ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இரவு பகல் ஒரே அளவில் ஓடுவதற்காகக் கட்டியவை அவை. இப்போதைய விதிப்படி ஓர் அனல் யூனிட்டை அதன் திறனில் 55 சதவீதம் வரை இறக்கலாம். 210 என்றால் சுமார் 115 மெகாவாட். அதற்கும் கீழே போனால் தீ நிலையாக எரியாது, ஃபர்னஸ் ஆயில் ஊற்ற வேண்டும். அடிக்கடி ஏற்றி இறக்கினால் கொதிகலன் குழாய்களில் விரிசல் விழும். அடியோடு நிறுத்தினாலோ, குளிர்ந்த கொதிகலனைத் திரும்ப ஏற்ற பல மணி நேரமாகும். காற்றோ அவ்வளவு நேரம் காத்திருக்காது. சீசனில் சில மணி நேரத்துக்குள் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் ஏறுவதும் இறங்குவதும் அதிசயமில்லை.

ஆகவே நெல்லைச் சீமையில் ஒரு காத்தாடி நிற்பதற்குக் காரணம், எங்கோ ஓர் அனல் யூனிட் அதற்குமேல் இறங்க முடியாமல் இருப்பதாக இருக்கலாம். அல்லது மின்சாரத்தை எடுத்துப்போகும் லைன் போதாமல் இருக்கலாம். இரண்டாவது குறை, கயத்தாறு, தப்பக்குண்டு போன்ற இடங்களில் 400 கிலோவோல்ட் நிலையங்கள் வந்த பிறகு பெருமளவு குறைந்தது. தென்னகக் கிரிட் தனித்தீவாக இருந்ததும் ஒரு குறைதான். 2013 டிசம்பர் 31ஆம் தேதி ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் இணைந்த பிறகுதான் நாடு முழுக்க ஒரே கிரிட் ஆனது. (அதற்கு முந்தைய ஆண்டு ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருளில் மூழ்கியபோது நாம் தப்பித்ததும் தனித்தீவாக இருந்ததால்தான். எதிலும் ஒரு நல்லது இருக்கத்தான் செய்கிறது.)

இப்போது அக்காள் மகனின் ரெட்டைச் செலவுக்கு வருகிறேன்.

அனல் மின்நிலையம் காத்தாடிக்காகக் கட்டப்பட்டது அல்ல. முள்ளக்காட்டில் முதல் காத்தாடி நிற்பதற்கு முன்பே தூத்துக்குடியில் கொதிகலன் எரிந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 மே 2ஆம் தேதி 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அப்போது காற்று சீசன் தொடங்கியிருக்கவில்லை. அந்த நாளுக்காக நமக்கு அந்த நிலையங்கள் எப்படியும் வேண்டும். காத்தாடி அவற்றின் இடத்தைப் பிடிக்கவில்லை, அவற்றுக்குப் போகும் நிலக்கரியைத்தான் மிச்சப்படுத்துகிறது.

எவ்வளவு மிச்சம்? நல்ல சீசனில் ஒரே நாளில் 10 கோடி யூனிட்டுக்கு மேல் காற்றிலிருந்து வந்திருக்கிறது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி என்று வைத்துக்கொண்டால் அது ஒரு நாளைக்கு 70,000 டன். சரக்கு ரயிலில் ஒரு ரேக் சுமார் 4,000 டன் ஏற்றும். ஆக, பதினேழு ரேக்குக்கு மேல். ஒடிசாவின் தால்ச்சேரில் வெட்டி, பாரதீப் துறைமுகத்துக்கு ரயிலில் கொண்டுவந்து, கப்பலில் ஏற்றி, எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் இறக்க வேண்டிய கரி இது. நம் மண்ணில் அந்தக் கரி கிடையாது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது, அதன் கணக்கு வேறு. கரி இருப்பு ஒரு வாரத்துக்குக்கூட இல்லை என்று செய்தி வருகிற ஆண்டுகளில், காற்று வந்த பிறகு அந்தச் செய்தி ஏன் அடங்கிப் போகிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை.

இன்னொன்று. துணை வேண்டும் என்பது காத்தாடிக்கு மட்டும் உள்ள குறை என்று நினைக்கிறார்கள். கூடங்குளத்தில் ஓர் உலை 1,000 மெகாவாட். அது ஏதோ ஒரு வால்வுக்காகத் தானாக நின்றுவிட்டால், முழு ஆயிரமும் அந்தக் கணமே போய்விடும். முன்னறிவிப்பு கிடையாது. அதற்காக எப்போதும் ஏதோ ஒரு மூலையில் கையிருப்பு வைத்திருக்கத்தான் வேண்டும். காற்று அப்படிப் போவதில்லை. நான்கு கணவாய்களில் ஆயிரக்கணக்கான காத்தாடிகளாகப் பரந்து கிடப்பதால் அது படிப்படியாகத்தான் இறங்குகிறது. நாளைக்கு எந்த மணிக்கு எவ்வளவு வரும் என்று பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்றாற்றல் நிறுவனம் முன்கூட்டியே கணித்துக் கொடுக்கிறது. ஓரளவுக்குப் பிசகும். ஆனாலும் நாங்கள் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு உத்தேசமாகச் சமாளித்த காலத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். உண்மையில் காற்று குறைவதைவிட எங்களுக்குப் பெரிய தலைவலி, லைனில் ஃபால்ட் வந்து வோல்டேஜ் ஒரு கணம் சரிந்தால் பழைய காத்தாடிகள் கும்பலாகக் கழன்றுகொள்வதுதான். தெற்கு ஆஸ்திரேலியாவில் 2016 செப்டம்பர் 28ஆம் தேதி புயலில் கோபுரங்கள் சாய்ந்து மாநிலமே இருண்டபோது நடந்ததும் இந்த வகைதான். காற்று அங்கே நன்றாகவே வீசிக்கொண்டிருந்தது. காத்தாடிகளின் பாதுகாப்பு அமைப்புகள்தான் அவற்றைக் கழற்றிவிட்டன. நம் ஊரில் மிகச் சிறந்த காற்று வீசும் இடங்களை இன்னும் 225, 250 கிலோவாட் பழங்காலத்து யந்திரங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவை கிரிட்டுக்கு மெகாவாட் கொடுத்துக்கொண்டே, வோல்டேஜைத் தாங்குவதற்கு வேண்டிய ரியாக்டிவ் பவரை உறிஞ்சிக்கொண்டும் இருக்கும். இன்றைய 2, 3 மெகாவாட் யந்திரம் மெல்லிய காற்றிலும் சுற்றும், வோல்டேஜையும் தாங்கிப் பிடிக்கும். பழையதை மாற்றுவதற்கான கொள்கையை அரசு 2024இல் வெளியிட்டது. ஒரு பழைய காத்தாடி போய்ப் புதியது வந்தால், அந்த அளவுக்குத் துணையின் சுமையும் குறையும்.

ஆனால் துணைக்கு ஆகும் செலவை மறைத்து வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நம் மாநிலத்தில் அது நெடுங்காலம் மறைந்திருந்த இடம் 'பேங்கிங்'.

விவரம் தெரியாதவர்களுக்காக: கோவை, திருப்பூர், ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைகள் பலவற்றுக்குச் சொந்தமாகக் காத்தாடிகள் உண்டு. மில் ஓடுவது உடுமலையில், காத்தாடி சுற்றுவது முப்பந்தலில். ஆனி, ஆடியில் வரும் மின்சாரம் மில்லின் தேவையைவிட அதிகம். மிஞ்சிய யூனிட்டுகளை மின்வாரியத்தின் கணக்கில் போட்டு வைத்து, தை, மாசியில் எடுத்துக்கொள்ளலாம். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை ஒரு கணக்காண்டு. அதற்கு ஒரு கட்டணம் உண்டு. பாஸ்புக்கில் இருப்பு நிற்கிற மாதிரி, யூனிட் நிற்கும்.

காகிதத்தில் மட்டும்தான் நிற்கும். ஆடியில் வந்த மின்சாரத்தை ஆடியிலேயே யாரோ மிக்ஸியிலும் பம்ப் செட்டிலும் செலவழித்து முடித்தாயிற்று. தையில் மில்லுக்குப் போவது புதிதாகக் கரி எரித்தோ, வெளிச்சந்தையில் வாங்கியோ கொடுக்கும் மின்சாரம். அதாவது காத்தாடிக்கான ஆறு மாதத் துணையை வாரியம் கொடுத்தது. அதற்கு ஆன செலவில் கட்டணத்துக்கு மேற்பட்ட பகுதி, கணக்கில் எங்கேயும் தனியாகத் தெரியாமல், வாரியத்தின் கடனில் போய்க் கரைந்தது. 2018 மார்ச்சுக்குப் பிறகு வந்த காத்தாடிகளுக்கு இந்த ஓராண்டுச் சலுகை இல்லை. அது சரியான முடிவு என்பதே என் கட்சி.

மில்காரர்களிடம் இதைச் சொன்னால் கோபப்படுவார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. 2012இல் தமிழ்நாட்டின் பல ஊர்களில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தபோது, டீசல் ஜெனரேட்டரை ஓட்டி நூல் நூற்றவர்கள் அவர்கள். துணை மின்சாரத்திலேயே அதிக விலை அதுதான், புகையும் அதிகம். பூட்டிய கதவுகளுக்குப் பதிலாக ஓடுகிற ஸ்பிண்டில்களைக் கொடுத்ததில் காத்தாடிக்குப் பங்கு உண்டு. வரிச் சலுகைக்காகவே காத்தாடி நட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. முதல் ஆண்டுகளிலேயே தேய்மானமாக எழுதிக்கொள்ளலாம் என்றால், யந்திரம் சுற்றுகிறதா என்பதைப் பற்றி ஆடிட்டருக்கு என்ன கவலை? அந்தத் தேய்மானச் சலுகை 80 சதவீதமாக இருந்து 2017இல் 40 ஆனது. இப்போது மின்சாரத்தை விற்றால்தான் காசு என்ற நிலை வந்திருக்கிறது.

தையிலிருந்து சித்திரை வரைக்குமான பருவத் துணைக்கு இன்றைக்கு அனலைத் தவிர வேறு பெரிய வழி இல்லை. வெயில் நன்றாக அடிக்கும் மாதங்கள் என்பதால் பகலைச் சூரிய ஒளி பார்த்துக்கொள்ளும். இரவை அனலும் அணுவும்தான் பார்க்க வேண்டும். எனவே 'அனல் மின்நிலையங்களை மூடு' என்று இப்போதே கோஷம் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவை சீசனில் படுத்திருந்து, கோடையில் எழுந்திருக்கட்டும். பராமரிப்பு வேலையைக் காற்று சீசனில் வைத்துக்கொள்கிற பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. படுத்திருக்கும் காலத்துக்கும் நிலைக்கட்டணம் கொடுக்கத்தான் வேண்டியிருக்கும். அதைத் துணைக்கான கூலி என்று வெளிப்படையாக எழுதிக் கொடுத்துவிட்டால் போகிறது.

நாம் கோட்டை விட்டது மணிக்கணக்குத் துணையில். மத்தியானம் சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்து பொங்கும். ஆறரை மணிக்குச் சூரியன் போய்விடும், வீடுகளில் விளக்கும் ஏசியும் ஏறும், காற்று அன்றைக்கு மனது வைக்காவிட்டால் மின்சாரச் சந்தையில் யூனிட் 10 ரூபாய் என்ற உச்சவரம்பு விலைக்கு வாங்க வேண்டும். இதற்கான விடை நம் கையிலேயே 1980களின் இறுதியிலிருந்து இருக்கிறது. ஆனைமலையில் காடம்பாறை. பாறையைக் குடைந்து பூமிக்கடியில் கட்டிய மின்நிலையம். 100 மெகாவாட் யந்திரங்கள் நான்கு. மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாறு அணையிலிருந்து தண்ணீரை மேலே காடம்பாறை அணைக்கு ஏற்றும். தேவைப்படும்போது அதே தண்ணீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுக்கும். நான்கு யூனிட் போட்டால் ஏறக்குறைய மூன்று யூனிட் திரும்பக் கிடைக்கும். அனல் யூனிட் மணிக்கணக்கில் செய்வதை அது நிமிடங்களில் செய்துவிடும். லோடு டெஸ்பாட்ச்சில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த நான்கு யந்திரங்களில் ஒன்று பழுதானால் அவர்கள் முகம் எப்படி மாறும் என்று.

அதற்குப் பிறகு? இத்தனை ஆயிரம் மெகாவாட் காற்றும் வெயிலும் சேர்த்தோம். துணைக்கு இரண்டாவது நீரேற்று நிலையம் என்று எடுத்துக்கொண்டது நீலகிரியில் குந்தா, 500 மெகாவாட். போர்த்திமந்து மேலே, அவலாஞ்சி–எமரால்டு கீழே. அணைகள் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை, ஏற்கெனவே இருப்பவை. அப்படியும் அந்த வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. டென்மார்க் தன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து எடுக்கிறது என்று நம் ஆட்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார்கள். அந்த நாட்டுக்குப் பின்னால் நார்வேயின், சுவீடனின் நீர்மின் நிலையங்கள் நிற்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். பேட்டரிகளும் இப்போது விலை இறங்கி வருகின்றன. மாலையில் வரும் இரண்டு மணி நேரப் பாட்டைத் தீர்க்க அவை கெட்டிக்காரத்தனமான வழி. ஆடிக் காற்றைத் தை வரைக்கும் பேட்டரியில் பூட்டி வைக்கலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள்.

என்னைக் கேட்டால், புதிய காற்றாலைகளுக்கு அனுமதி தரும் ஒவ்வொரு முறையும், அதற்கான மணிக்கணக்குத் துணை எங்கிருந்து வரும், யூனிட்டுக்கு என்ன விலை, யார் கொடுப்பது என்று அதே உத்தரவில் எழுத வேண்டும். துணை மின்சாரத்தை ஒரு தனிச் சரக்காக விலை வைத்து வாங்க வேண்டும். காடம்பாறை மாதிரி நிலையத்துக்கு அது ஓடிய யூனிட்டுக்கு மட்டும் கூலி கொடுக்காமல், தயாராக நிற்பதற்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்த பிறகும் காற்று இறக்குமதி நிலக்கரியைவிட மலிவாகத்தான் நிற்கும் என்பது என் கணிப்பு. நிற்காவிட்டால் அதுவும் நமக்குத் தெரிய வேண்டியதுதானே.

பத்திரிகை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஓர் அமைச்சர் இத்தனை ஆயிரம் மெகாவாட் காற்றாலை என்று அறிவிக்கும்போது, குந்தாவில் எத்தனை யந்திரம் ஓடுகிறது, காடம்பாறையில் எத்தனை ஓடுகிறது என்று கேளுங்கள். பதிலை முதல் பக்கத்தில் போடுங்கள்.